மரகதப்புறா: மாநிலப் பறவையும் மதுரைச் சமவெளியும்

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. ஏறக்குறைய 27 செ.மீ. நீளம் இருக்கும். இறக்கையும் மேல்முதுகும் பச்சை, மார்பு ஊதா கலந்த செம்பழுப்பு, அலகு பவளச் சிவப்பு. ஆணுக்கு உச்சந்தலை வெளிர்சாம்பல், தோளில் ஒரு வெள்ளைத் திட்டு. 1758இல் வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ் இதை நூலில் ஏற்றினார். இன்று அதன் அறிவியல் பெயர் கால்கோஃபாப்ஸ் இண்டிகா. முதற்சொல்லுக்கு வெண்கலப் புறா என்று பொருள். காட்டு நிழலில் பார்த்தால் அந்தப் பெயர்தான் சரி என்று தோன்றும். இலைச்சருகில் நடந்து உதிர்ந்த விதைகளைப் பொறுக்கும்போது அது மங்கிய செம்பு நிறமாகத்தான் தெரியும். மரக்கிளைகளின் இடுக்கில் ஒரு வெயில் கீற்று முதுகில் விழுந்தால் மட்டும் பச்சை பளிச்சிடும். காலடி ஓசை கேட்ட நொடியில், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் எழும்பாமல் மரங்களுக்கிடையே அம்பாகப் பாய்ந்து மறையும். குரலும் அப்படித்தான்: மூக்கால் முனகுவது போன்ற தாழ்ந்த ‘ஹூம்’. எங்கிருந்து வருகிறது என்று சொல்வது கடினம்.

அழகில் குறை சொல்ல ஒன்றும் இல்லாத பறவை இது. அது தமிழ்நாட்டுக்கு அடையாளமாகப் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி.

அடையாளப் பறவையை எப்படித் தேர்வது என்ற விவாதம் இந்தியாவில் முறையாக நடந்தது தமிழ் மண்ணில்தான். 1960இல் உதகமண்டலத்தில் கூடிய இந்திய வனவிலங்கு வாரியம் தேசியப் பறவை குறித்துப் பேசியது. சாரசக் கொக்கு, கருடன், கானமயில், அன்னம், மயில் எனப் பல பெயர்கள் அலசப்பட்டன. பறவையியலாளர் சாலிம் அலி கானமயிலை விரும்பினார். அழிவின் விளிம்புக்குப் போகும் பறவைமேல் நாட்டின் கண் படட்டும் என்பது அவர் எண்ணம். 1961இல் இதைப் பற்றி எழுதியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். அடையாளப் பறவைக்கு அவர் எடுத்துச்சொன்ன அளவுகோல்கள் இன்றும் உதவும்: நாடெங்கும் பரவி இருக்க வேண்டும், எளிய மனிதருக்கு எட்டுவதாகவும் பார்த்ததும் தெரிவதாகவும் இருக்க வேண்டும், முத்திரையாக வரைய வர வேண்டும், பழங்கதைகளோடு தொடர்பு வேண்டும், வேறு நாட்டின் சின்னத்தோடு குழம்பக்கூடாது. 1963இல் மயில் தேசியப் பறவையானது.

மாநிலங்கள் தங்களுக்கென்று பறவை வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் 1920களிலேயே இருந்தது. டெக்சாஸ் 1927இல் பாடும் பறவை ஒன்றை ஏற்றது. கார்டினல் என்னும் ஒரே சிவப்புப் பறவையை ஏழு மாநிலங்கள் பங்குபோட்டுக்கொண்டன. இந்தியாவில் ராஜஸ்தான் கானமயிலைத் தேர்ந்தது, சாலிம் அலியின் எண்ணம் அந்த வழியில் ஓரளவு நிறைவேறியது. டெல்லியும் பிகாரும் சிட்டுக்குருவியை எடுத்துக்கொண்டன. ஆந்திரம் பிரிந்தபின் பழைய பறவையான பனங்காடை தெலங்கானாவில் தொடர்ந்தது. ஆந்திரம் 2018இல் பச்சைக்கிளிக்கு மாறியது. ஆக, ஒருமுறை அறிவித்த பறவையை மாற்றவே கூடாது என்று ஒன்றும் இல்லை. மிகப் பொருத்தமான தேர்வு நம் பக்கத்திலேயே நடந்தது: புதுச்சேரி 2007இல் குயிலை ஏற்றது. பாரதியார் ‘குயில் பாட்டு’ எழுதிய ஊர் அது.

கிருஷ்ணன் சொன்ன அளவுகோலை மரகதப்புறாவுக்கு வைத்தால் விடை சாதகமாக வராது. அது ஈரக்காட்டுப் பறவை. மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களின் கரிசலிலும் செம்மண்ணிலும் அதற்கு இடம் இல்லை. பார்க்க வேண்டுமானால் பழனிமலை, மேகமலை போன்ற மலைக்காடுகளுக்குத்தான் போக வேண்டும். மதுரைக்காரருக்குப் புறா என்றால் கோபுரச் சுதைச் சிற்பங்களின் இடுக்கில் அடையும் மாடப்புறா. வயற்காட்டில் புள்ளிப்புறாவும் தவிட்டுப்புறாவும். பள்ளிக்கூடத்துச் சுவர்ப்படத்தில் பெயரைப் படித்து, தேர்வில் எழுதி, வாழ்நாளில் ஒருமுறையும் காணாத பறவையாக மரகதப்புறா இங்கே இருக்கிறது. சாலிம் அலியின் வாதமும் அதற்குத் துணை வராது. உலக அளவில் அது அருகிவரும் இனம் அல்ல. சிபி மன்னன் காத்த புறாவைச் சோழர் தம் குலக்கதையாகக் கொண்டாடியது உண்மை. ஆனால் அந்தப் புறா பச்சை நிறம் என்று யாரும் சொன்னதில்லை.

தமிழில் இந்தக் கேள்விக்கு இன்னும் பழைய விடை ஒன்று உண்டு. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்க்கிறது. எந்த நிலத்துக்கு எந்தப் பறவை என்று உரைகாரர்களும் பின்வந்த இலக்கண நூலாரும் விரித்தார்கள்: குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்துக்கு நாரை, நெய்தலுக்குக் கடற்காகம், பாலைக்குப் புறாவும் பருந்தும் கழுகும். ஆட்சி எல்லைக்கு ஒன்று என்பதல்ல இந்தக் கணக்கு; மண்ணுக்கு ஏற்ற பறவை. பாலைக்குச் சொன்ன புறாவும் கள்ளிப்புதரில் அமர்ந்து உச்சிவெயிலில் கூவும் வறண்ட நிலத்துப் புறா. தவிட்டுப்புறாவைப் பார்த்தவருக்கு அது உடனே புரியும். நான் அறிந்தவரை அடையாளப் பறவைக்கு இதைவிட நேர்மையான வழி வேறில்லை.

மதுரையைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டர் நடந்தால் இந்தத் திணைகளில் நெய்தல் தவிர மற்றவற்றின் சாயலைக் காணலாம். கிளியிலிருந்து தொடங்கலாம். மதுரையின் மரகதம் மீனாட்சி; மரகதவல்லி என்பது அவள் பெயர்களில் ஒன்று. அவள் கையில் கிளி. பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய கிளிக்கூட்டு மண்டபத்தில் முன்பு கிளிகளை வளர்த்தார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தெற்கே திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்கிளியை நாள்தோறும் புதிதாக இலைகளால் கட்டுகிறார்கள், அலகுக்கு மாதுளம்பூ வைத்து. அந்தக் கோயிலின் கோபுரம்தான் தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் இருக்கிறது என்பது பரவலான கருத்து.

மயிலின் கதை இவ்வளவு இனிதல்ல. திருப்பரங்குன்றத்து முருகனின் ஊர்தி, பழனிமலைப் பேகன் போர்வை கொடுத்த பறவை என்று போற்றப்பட்டாலும், இன்று நெல்லையும் கடலையையும் கிளறித் தின்பதால் உழவர்களுக்கு அதனால் பெருத்த நட்டம். சட்டம் மயிலைக் காக்கிறது. நட்டம் விவசாயி தலையில் விழுகிறது. 2018இல் மதுரை அருகே நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் இறந்து கிடந்தன. நஞ்சு கலந்த தானியத்தைத் தின்றிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அடையாளம் என்று பட்டம் கட்டிவிட்டால் பறவை பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

மருதத்து நாரைக்கு மதுரையில் தனிக்கதையே இருக்கிறது. பாண்டியன் தலைநகரில் வாடையில் ஒடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர், தன் ஊர் வழியாக வடக்கே போகும் செங்கால் நாரையிடம் மனைவிக்குச் செய்தி சொன்னார். அலகுக்கு அவர் கண்ட உவமை பனங்கிழங்கு. பறவைகள் பருவத்துக்குப் பருவம் திசை மாறிப் போவதை அறிந்தவரின் பாட்டு அது. நாரை இனங்களுக்கு இன்றும் கண்மாய்தான் வீடு. கண்மாய் நிரம்பிய ஆண்டில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயில் ஆள்காட்டியின் கத்தல் மட்டும் கேட்கும்.

ஒரே பறவையைத்தான் சொல்ல வேண்டும் என்றால் என் வாக்கு பனங்காடைக்கு. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. அந்த மரத்தைத் தன் பெயரிலேயே சுமக்கிற பறவை இது. கொண்டை முறிந்து பட்டுப்போன பனையின் பொந்தில் முட்டையிடும். சாலையோர மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது தவிட்டு நிற மார்பும் பருத்த தலையுமாகச் சாதாரணமாகத் தெரியும். வெட்டுக்கிளியைக் கண்டு கீழே பாயும்போது இறக்கை விரியும்: கருநீலமும் இளநீலமும் பட்டை பட்டையாக. ஒரு விநாடி, அவ்வளவுதான். மறுபடி கம்பியில் தவிட்டு நிறம். கருநாடகம், ஒடிசா, தெலங்கானா மூன்றும் அதை ஏற்றுவிட்டதால் நமக்கு வேண்டாம் என்பார்கள். ஏழு மாநிலங்கள் கார்டினலைப் பகிரும்போது, பனை நிற்கும் நாடுகள் பனங்காடையைப் பகிர்வதில் குறைவில்லை.

எந்தப் பறவையைத் தேர்ந்தாலும் அதன் நிலத்தைக் காக்க வேண்டும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், சுனைகள், ஏரிகள், ஏறக்குறைய 250 பறவை இனங்கள். அரசு தன் அறிவிப்பில் தனியாகப் பெயர் சொன்ன பறவைகள் மூன்றும் வேட்டைப் பறவைகள்: லகுடு வல்லூறு, ஷாகீன் வல்லூறு, இராசாளி. 2024இல் அந்தப் பகுதியைத் தொட்டு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. ஊர்கள் திரண்டன, சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பாலைக்கு உரைகாரர்கள் எழுதிவைத்த பருந்தினம் அந்தப் பாறைகளுக்கு மேலே இன்றும் வட்டமிடுகிறது.