சித்திரவதையை வீழ்த்திய சிறு நூல்

1630ஆம் வருஷம், இத்தாலியின் மிலான் நகரத்தைக் கொள்ளைநோய் சூறையாடிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில், சுகாதார இலாகா ஊழியராகிய குலியெல்மோ பியாட்ஸா என்பவர், மழைக்கு ஒதுங்கிச் சுவரோரமாக நடந்து செல்கையில் தம் கையைச் சுவரில் துடைத்தார். அதைச் சாளரத்திலிருந்து கண்ட ஒரு பெண், நோயைப் பரப்பும் விஷத்தைப் பூசிச் செல்கிறான் என்று சொல்ல, அந்தச் சொல் தெருவெங்கும் தீயாய்ப் பரவிற்று. பிடிபட்டவரைக் கைகளைப் பின்புறம் பிணைத்துக் கயிற்றில் தூக்கி வதைத்தார்கள். வதையிலும் தாம் குற்றமற்றவர் என்றே சொல்லி வந்தவர், உண்மையைச் சொன்னால் மன்னிப்பு உண்டு என்று ஆசை காட்டப்பட்டதும், கொள்ளைநோய்க்குத் தைலம் காய்ச்சி விற்றுவந்த ஜான் ஜாக்கோமோ மோரா என்ற நாவிதரின் பெயரைச் சொன்னார். மோராவும் வதை பொறுக்கமாட்டாமல், செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டார். இருவரும் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். நாவிதரின் வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, அந்த இடத்தில் அவமானத் தூண் ஒன்று நாட்டப்பட்டது.

அந்தத் தூண் நின்ற நகரத்திலேதான் 1738இல் செஸாரே பெக்காரியா பிறந்தார். பிரபு குலத்தவர், கூச்ச சுபாவமும் சோம்பலும் உடையவர். பியெத்ரோ வெர்ரி, அலெஸ்ஸாந்த்ரோ வெர்ரி என்ற சகோதரர்களின் சிநேகம் வாய்த்திராவிட்டால் அவர் பேனாவைத் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம். பிரெஞ்சுத் தத்துவ ஞானிகளின் கிரந்தங்களைப் படித்து விவாதித்து வந்த அந்த இளைஞர் கோஷ்டியில், அலெஸ்ஸாந்த்ரோ கைதிகளின் நலன் காக்கும் உத்தியோகத்தை வகித்தவராதலால், சிறைக்கூடங்களில் தாம் கண்டவற்றையெல்லாம் வந்து சொல்லுவார். பியெத்ரோ, இதை எழுது என்று நண்பரைத் தூண்டுவார். இவ்விதமாக உருவான 'குற்றங்களும் தண்டனைகளும்' என்ற சிறு நூல், 1764இல், ஆசிரியர் பெயரில்லாமல், மிலானை விட்டு விலகிய லிவோர்னோ துறைமுகப் பட்டணத்தில் அச்சாயிற்று. அப்போது பெக்காரியாவுக்கு வயது இருபத்தாறு.

அந்நூல் கண்ணீர் வடித்துக் கருணையை யாசிக்கவில்லை. தர்க்கத்தையே ஆயுதமாகக் கொண்டது. ஒருவன் குற்றவாளி என்பது நிச்சயமானால் சட்டம் விதித்த தண்டனையே போதுமாகையால் வதை வேண்டாதது. நிச்சயமாகவில்லையென்றால், இன்னும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாத ஒரு பிரஜையை நியாயஸ்தலம் தண்டிக்கிறது. வதையின்கீழ் வெளிவருவது உண்மையா என்றால் அதுவும் இல்லை. தேகபலம் உள்ள துஷ்டன் தாங்கிக்கொண்டு விடுதலை பெறுகிறான், பலவீனனான நிரபராதி தாளாமல் ஒப்புக்கொண்டு தூக்குமரம் ஏறுகிறான். மோராவின் சரித்திரத்தை அறிந்த மிலான்வாசி எவருக்கும் இதற்கு வேறு சாட்சி தேவைப்பட்டிராது. தண்டனையின் கடுமையைக் காட்டிலும் அது தப்பாமல் வரும் என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்றும், மரண தண்டனை அவசியமுமன்று, பயனுடையதுமன்று என்றும் பெக்காரியா வாதித்தார். அதற்கு மாற்றாக அவர் சொன்ன ஆயுட்காலக் கடின உழைப்பும் ஒரு குரூரமே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு தன் பிரஜையின் உயிரைப் பறிக்க உரிமை எங்கிருந்து பெற்றது என்று சட்டவாதிகளைத் திகைக்கவைக்கும்படி கேட்ட பெருமை அவரைச் சார்ந்ததே.

நூல் எழுதப்பட்டதனாலேயே உலகம் மாறிவிடுவதில்லை. அதைச் சுமந்து செல்வோர் வேண்டும். மோரெல்லே என்ற பாரிஸ் பாதிரியார் அதைப் பிரெஞ்சில் பெயர்த்தார். துலூஸ் நகரத்தில் தன் மகனைக் கொன்றதாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1762இல் சக்கரத்தில் பிணைத்துக் கொல்லப்பட்ட ஜான் காலாஸ் என்ற வணிகருக்காகப் போராடி, 1765இல் அவர் நிரபராதி என்ற தீர்ப்பைப் பெற்றுத் தந்த வால்டேர், மறு வருஷமே பெக்காரியாவின் நூலுக்கு வியாக்கியானம் எழுதினார். ரோமாபுரித் திருச்சபை அதே 1766இல் நூலைத் தடை செய்தது. தடையால் அதன் செல்வாக்குக் குன்றவில்லை. ருஷியச் சக்ரவர்த்தினி காதரீன் 1767இல் வெளியிட்ட சட்டச் சீர்திருத்தக் கட்டளையில் பெக்காரியாவின் கருத்துக்கள் ஏராளமாகப் புகுந்தன. ஆனால் அவளுடைய பண்ணையடிமைகளின் முதுகில் விழுந்த சவுக்கு ஓயவில்லை. ஆஸ்திரியாவில் 1776இல் சித்திரவதை ஒழிந்தது. பிரான்ஸில், வாக்குமூலம் பெறுவதற்காகச் செய்யும் வதையை 1780இல் பதினாறாம் லூயி நிறுத்தினான்.

எதிர்ப்பு எவ்வளவு அருகில் இருந்தது என்பதற்கு வெர்ரி சகோதரர்களின் வீடே அத்தாட்சி. சித்திரவதை நீடிக்க வேண்டுமென்று மிலான் செனட் சபையின் சார்பில் வாதித்தவர் அவர்களுடைய தந்தையாகிய கப்ரியேலே வெர்ரி! பியாட்ஸா, மோரா வழக்கை ஆராய்ந்து சித்திரவதைக்கு எதிராகப் பியெத்ரோ எழுதிய நூல், தந்தையின் கௌரவத்துக்கும் செனட் சபையின் கௌரவத்துக்கும் பங்கம் வருமே என்று அச்சேறாமல் கிடந்து, பியெத்ரோவும் இறந்தபின் 1804இல்தான் வெளிவந்தது. அவமானத் தூணோ 1778இலேயே வீழ்ந்துவிட்டது.

பெக்காரியாவின் நூலைப் பூரணமாகச் செயலில் கொண்டுவரத் துணிந்தவன் தொஸ்கானாவின் அதிபதி பியெத்ரோ லியோபோல்டோ. 1786 நவம்பர் 30ஆம் தேதி அவன் பிறப்பித்த சட்டம் மரண தண்டனையையும், சித்திரவதையையும், அங்கச் சேதத்தையும், குற்றவாளியின் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் சொத்துப் பறிமுதலையும் ஒருங்கே ஒழித்தது. கலகங்களுக்கு அஞ்சி நான்கே வருஷங்களில் மரண தண்டனை ஓரளவு திரும்பிவந்தது உண்மைதான். ஆயினும், தத்துவ ஞானியின் தர்க்கத்தை ஓர் அரசு முழுமையாகச் சட்டமாக்கிய அந்த நவம்பர் 30ஆம் தேதியைத் தொஸ்கானா மக்கள் இன்றும் தங்கள் பிரதேசத்தின் திருநாளாகக் கொண்டாடி வருகிறார்கள்.