உப்பு மண், தண்ணீர்ப் பஞ்சம்: நெற்பயிரின் மரபணு எப்படிச் சமாளிக்கிறது?

செங்கல்பட்டு மாவட்ட விவசாயிக்கு இரண்டு பக்கமும் இடி. மறைமலைநகர் பக்கம் ஏரி வற்றினால் வறட்சி. மாமல்லபுரம், செய்யூர் கடலோரத்தில் நிலத்தடி நீர் இறங்கினால் கடல்நீர் புகுந்து கிணறு உப்புக் கரிக்கும். ஆனால் நெற்பயிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரச்சினைதான். எப்படி?

தண்ணீர் இருந்தும் தாகம்

மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. ஊறுகாய்க்கு உப்பு போட்டதும் மாங்காய் தண்ணீர் விடுமே, அதே கதைதான். உடனே செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். இது அபாய மணி மாதிரி. இலைத்துளைகள் மூடும். பல மரபணுக்கள் வேலையைத் தொடங்கி, செல்லில் நீரைப் பிடித்துவைக்கும் பொருட்களைத் தயாரிக்கும்.

உப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சோடியம் இலையில் சேர்ந்தால் விஷம். கேரளக் கடலோரத்தின் பொக்காளி நெல்லில், 1-வது குரோமோசோமில் உள்ள 'சால்டால்' பகுதி, சோடியம் இலைக்குப் போவதைக் குறைக்க உதவுகிறது.

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்?

சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் மரபணுவை நெல்லில் சேர்த்து ஆய்வு செய்தது. ஆனால் வேற்று உயிரின் மரபணு சேர்த்த எந்த நெல்லுக்கும் இந்தியாவில் சாகுபடி அனுமதி இல்லை.

அடுத்த வழி, மரபணு திருத்தம். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், எம்.டி.யூ 1010 ரகத்தில் 'டி.எஸ்.டி' மரபணுவைச் செயலிழக்க வைத்தது. வறட்சியையும் உப்பையும் தாங்கும் திறனுக்கு பிரேக் போடும் மரபணு இது. பிரேக்கை எடுத்ததும் இலைத்துளைகளின் எண்ணிக்கை குறைந்து, நீர் இழப்பும் குறைகிறது. 'பூசா டி.எஸ்.டி ரைஸ் 1' என்ற இந்த ரகத்தை 2025 மே 4-ல் மத்திய அரசு அறிவித்தது.

எதிர்ப்பு ஏன்?

வெளி மரபணு இல்லாத இத்தகைய பயிர்களுக்கு 2022-ல் விதிகள் தளர்த்தப்பட்டன. வயல் சோதனை முடிவுகள் அரசு சொல்வதைக் காட்டவில்லை என்றும், தொழில்நுட்பக் காப்புரிமை யாரிடம் என்றும் எதிர்ப்பு அமைப்புகள் கேட்கின்றன.

இப்போது என்ன செய்யலாம்?

மண்ணின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே சாதாரண நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். அதனால் விதை வாங்கும் முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்கணும். உப்பைத் தாங்கும் குழியடிச்சான், திருச்சி 3 ரகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் எந்த ரகமும் ஓரளவு உப்பைத்தான் தாங்கும். கிணற்றில் கடல்நீர் ஏறுவதைத் தடுப்பது மரபணுவின் வேலை இல்லை. அதற்கு ஏரியில் தண்ணீர் நிற்கணும்.