மூலமும் பிரதியும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாக வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் நடை திறப்பார்கள். தமிழில் ‘மூலம்’ என்ற சொல்லைச் சுற்றியே இப்படியொரு காத்திருப்பு இருந்து வந்திருக்கிறது. மூலவர், மூல ஓலை, மூலபாடம், இப்போது மூலநிரல். மூலம் இருக்கிற இடத்தில் ஒரு கதவும் ஒரு சாவியும் இருக்கும். சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி.

இதே பெரம்பலூர்ப் பக்கம் செங்கணத்தில், விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடம் கேட்டவர் உ.வே. சாமிநாதையர். 1871இல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்வதற்கு முந்தைய கதை அது. செய்யுளைப் படிப்பது வேறு, அது எந்த விதியில் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு தானே ஒன்று கட்டுவது வேறு. காரிகை இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்கிற நூல். பின்னால் 1887இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது மடத்திலும் வீடுகளிலும் கேட்டுக் கேட்டுத்தான் ஏடு சேர்ந்தது. கொடுத்தவர்கள் தயவில் கொடுத்தார்கள். மறுத்தால் கேட்க நாதியில்லை. எழுத்தே மறுக்கப்பட்ட சாதிகளோ கேட்கிற இடத்தில்கூட நிற்க முடியாது.

இந்தத் தயவு அமெரிக்காவிலும் ஒருமுறை கிடைக்காமல் போயிற்று. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்து அச்சுப்பொறியில் காகிதம் சிக்கிக்கொண்டே இருந்தது. அதைச் சமாளிக்க ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்த மென்பொருளின் மூலநிரலை வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் கேட்டார். இரகசிய ஒப்பந்தம் இருக்கிறது, தரமுடியாது என்று பதில் வந்தது. 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் அந்த மறுப்பும் இருக்கிறது. 1989இல் குனு பொது உரிமம் வந்தது. 1991இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு தெளிவாகச் சொல்கிறது: மென்பொருளைக் கொடுப்பவர் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இல்லையென்றால் கேட்பவருக்குத் தருவதாக மூன்றாண்டுக்குக் குறையாத எழுத்துறுதி தரவேண்டும். பிரதியெடுத்து அனுப்பும் செலவுக்குமேல் வாங்கக்கூடாது. சொத்துடையவனுக்குக் காவலாக இருந்த பதிப்புரிமைச் சட்டத்தை வைத்தே இதைச் சாதித்தார்கள். தயவு உரிமையானது இங்கேதான்.

நமக்கு இதில் என்ன? ஆசிரியனின் மரணம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய சிறுபத்திரிகைகள், அந்தப் பக்கங்களை எந்த எழுத்துருவில் கோத்தன? தொண்ணூறுகளில் நிறுவனத்துக்கொரு குறியாக்கம். யூனிகோடில் 1991லேயே தமிழ் இருந்தும், 1999இல் அரசு டாம், டாப் என்று தரப்படுத்தியும், 2010இல்தான் யூனிகோடு அரசாணையாயிற்று. இடைப்பட்ட காலத்துக் கோப்புகளை, அந்த எழுத்துரு இல்லாமல் இன்றைக்குத் திறந்தால் எழுத்துக் குப்பைதான் வருகிறது. நம் பிரதி நம்மிடமே இருக்கிறது, வாசிக்கிற விதி இன்னொருவர் சொத்து.

எ-கலப்பையின் கதையும் இதுதான். தன்னார்வலர்கள் உருவாக்கிய அந்தத் தட்டச்சுக் கருவி, முதலில் கீமேன் என்ற மூடிய மென்பொருளின்மேல் ஓடியது. கலப்பை நம்முடையது, மாடு இரவல். மூன்றாம் பதிப்பில் சொந்தமாக எழுதித் திறந்த மூலமாக விட்டார்கள். கீமேனின் மூலநிரலே 2017இல் திறந்துவிடப்பட்டது.

இலவசமாகக் கிடைக்கிறதே, போதாதா என்பார்கள். போதாது. இலவசம் நாளைக்கு நின்றுபோகலாம். மூலநிரல் கையிலிருந்தால் வேறொருவர் தொடரலாம். அதை வாசிக்கவும் ஒரு காரிகை வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும்தான். ஆனால் பொதுப்பணத்தில் உருவாகிற ஒவ்வொரு தமிழ் மென்பொருளுக்கும் மூலநிரல் எங்கே என்று கேட்பதற்கு எந்த இலக்கணமும் படிக்க வேண்டியதில்லை. அதை எழுத்தாளர்கள் கேட்கலாம். இயக்கங்கள் கேட்கலாம். இதுவரை கேட்டவர்கள் மிகச் சிலர்.