பாலாற்றங்கரையில் ஒரு சகுந்தலை

மாதனூரில், பாலாற்றைத் தாண்டிக் குடியாத்தம் போகிற சாலை பிரியும் இடத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் எங்கள் பழைய வீட்டின் பரணிலே, என் பாட்டனாரின் தகரப் பெட்டியொன்று நெடுங்காலம் திறவாமற் கிடந்தது. திறந்து பார்த்தபோது கந்தாய ரசீதுகளுக்கும் பழைய ரேஷன் அட்டைக்கும் அடியில், மேலட்டை கிழிந்த சினிமாப் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அது 1940ஆம் வருஷம் வெளிவந்த 'சகுந்தலை' படத்தினுடையது. எடுத்தால் உதிர்ந்துவிடும் போலிருந்த அந்தக் காகிதத்தின் ஓரங்களில், பக்கத்தைப் புரட்டிய விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் கறை படிந்திருந்தது. அது என்ன கறை என்று எங்கள் பக்கத்துக்காரர்களைக் கேட்கவேண்டியதில்லை. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் நாளெல்லாம் கைவிட்டுத் தோல் புரட்டியவனுடைய விரல்களிலிருந்து, எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும், அந்த நிறம் போவதில்லை.

பாட்டனாருக்கு எழுத்து வாசனை கிடையாது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் உழைத்து முடிந்த உடம்பு அவருடையது. படிக்கத் தெரியாத மனிதர் காசு கொடுத்துப் பாட்டுப் புத்தகம் வாங்கி, பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லி, வரி வரியாக மனனம் செய்து பாடினார் என்று என் தந்தையார் சொல்லுவார். அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கப் புகுந்ததில்தான், எங்கள் பிரதேசத்துக்கும் சங்கீத சினிமாவுக்கும் உள்ள பழைய உறவும், அந்த உறவில் நியாயமான ஸ்தானம் பெறாமற்போன ஓர் அருமையான படமும் என் மனத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.

வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரையில் பாலாற்றின் இரு கரையிலும் தோல் தொழில் வேரூன்றியதற்கு ஆற்று நீரும், ஆவாரம்பட்டையும், கடுக்காயும், ஏற்றுமதிக்கு வசதியாகச் சென்னையிலிருந்து வந்த ரயிலும் காரணங்கள். முதல் மகாயுத்தத்தின்போது பட்டாளத்துப் பூட்ஸுகளுக்கு மேல்தோல் வேண்டுமென்று சர்க்காரே இந்தப் பக்கத்துப் பதனிட்ட தோலை வாங்கிற்று. வியாபாரம் பெருகிற்று, முதலாளிகளுடைய கொடையால் பள்ளிகளும் கல்லூரியும் எழுந்தன, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதுக் கவியரங்குகள் நடந்தன. ஆனால் குழியில் இறங்கி வேலை செய்த ஜனங்களுக்கு உரிய கலையாக இருந்தது தெருக்கூத்து ஒன்றே. திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவெல்லாம் மத்தளமும் தாளமும் அதிர, விடியும் வரையில் கண் மூடாமற் பாரதக் கதையைப் பாட்டாகவே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். கதை என்றாலே பாட்டு, பாட்டு என்றாலே கதை என்ற அந்தப் பழக்கம் எங்கள் பக்கத்தில் சினிமாவுக்கு முன்பே ஆயத்தமாக இருந்தது.

சினிமாவே எங்கள் ஜில்லாக்காரர் ஒருவரால் தமிழகத்தில் வேர்விட்டது என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார், சென்னையில் மோட்டார் வண்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், புனாவுக்குச் சென்று ஓர் ஆங்கிலேயரிடம் படம் பிடிக்கும் வித்தையைக் கற்றுத் திரும்பி, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ அமைத்து, தென்னாட்டின் முதல் கதைப் படமான 'கீசக வத'த்தை எடுத்தார். எத்தனையோ கதைகள் இருக்க அவர் தேர்ந்தெடுத்தது, வட ஆர்க்காட்டுக் கூத்து மேடைகளுக்கு நன்கு பழக்கமான பாரதத்திலிருந்து ஒரு கதை என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு என்னவோ அப்படித் தோன்றவில்லை. அது ஊமைப் படம். பேசும் படம் 1931இல் 'காளிதாஸ்' மூலம் வந்தது. வந்த அன்றே பாட ஆரம்பித்துவிட்டது.

பட்டணத்துக் கொட்டகைகளில் ஓடிய படங்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது கூடாரங்களின் மூலமாகத்தான். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டாரே, அவர் போட்ட வழி அது. அறுவடை முடிந்த வயலிலோ ஆற்றோரப் புறம்போக்கிலோ கித்தான் கட்டி, மணலைப் பரப்பி, ஆண்களுக்கு ஒரு பக்கமும் பெண்களுக்கு ஒரு பக்கமுமாக நடுவில் தட்டி வைப்பார்கள். பகலில் மாட்டு வண்டியின் இரு பக்கமும் படத்தின் தட்டியைச் சாய்த்து, மேளம் கொட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். நோட்டீஸ் பிடிக்கப் பிள்ளைகள் வண்டியின் பின்னால் ஓடுவார்கள். பொழுது சாய்ந்ததும் குழாய் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ஒன்று எழும். அதைக் கேட்டபின் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு புறப்பட்டாலும் போதும், படம் தொடங்குமுன் போய்விடலாம். ஒரே ஒரு மிஷின் என்பதால் ஒவ்வொரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த சுருளை மாட்டுவார்கள். அந்த இடைவேளைகளில் முறுக்கும் கடலையும் பாட்டுப் புத்தகமும் விலையாகும். பாட்டுப் புத்தகத்தில் முதலில் கதைச் சுருக்கம் இருக்கும்; கதை முடிச்சு விழுகிற இடத்திலே 'மற்றவை வெள்ளித்திரையில்' என்று நிறுத்தியிருப்பார்கள்.

சென்னை சங்கீத வித்வத் சபை 1928இலேயே தோன்றிவிட்டது. அதன் நாற்காலிகளில் சுண்ணாம்புக் குழியில் உழைத்தவன் ஒருவனாவது அமர்ந்திருப்பான் என்று நம்ப எனக்கு ஆதாரம் இல்லை. மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் ஹரிஜனங்கள் முதன்முதலாகப் பிரவேசித்தது 1939 ஜூலையில். 'சகுந்தலை' வந்தது அதற்கு மறு வருஷம். கோயில் பிராகாரத்துக் கச்சேரியும் சபைக் கச்சேரியும் எட்டாதிருந்த மனிதர்கள், தரை டிக்கெட்டுக் கொடுத்து மணலிலே சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்நாளின் தலைசிறந்த வித்வான் ஒருவரையும் வித்வாம்சினி ஒருவரையும் முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டார்கள். தோல் ஷாப்புத் தொழிலாளியின் காதுக்குச் சாஸ்திரீய சங்கீதத்தைக் கொண்டுவந்து சேர்த்த கை கூடாரக்காரனுடைய கை. அவனுக்குத் தமிழிசை வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு. அதை இன்னும் யாரும் எழுதவில்லையே என்பது என் மனக்குறை.

படத்துக்கு வருகிறேன். 'சகுந்தலை'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் பிறந்து, ஹாலிவுட் அமைந்திருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாக் கலை பயின்றவர். உடன் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியாவுக்கு வந்தார்; சில மாதங்கள் தங்கிப் போகலாம் என்று வந்த மனிதர் 1950 வரையில் இங்கேயே இருந்துவிட்டார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'சதி லீலாவதி' அவர் எடுத்ததுதான்; பிறகு எம்.கே. தியாகராஜ பாகவதரை வைத்து 'அம்பிகாபதி' எடுத்தார். தமிழ் ஒரு வார்த்தையும் அறியாத அவர், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தையும் வெளிச்சத்தையும் நம்பியே காட்சியை அமைத்தார். மேடை நாடகத்தை அப்படியே காமிராவின் முன் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்த நம்மவர்களுக்கு, பாடுகிறவனிடம் காமிரா நெருங்கிப் போகலாம் என்று காட்டிக் கொடுத்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

சகுந்தலையாக எம்.எஸ். சுப்புலக்ஷ்மி; துஷ்யந்தனாக ஜி.என். பாலசுப்பிரமணியம். எம்.எஸ்.ஸுக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. 1938இல் 'சேவாசதன'த்தில் நடித்தபின் அவருக்கு இது இரண்டாவது படம். ஜி.என்.பி. முப்பது வயது இளைஞர்; ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றவர்; மின்னல் வேகப் பிருகாக்களால் கச்சேரி மேடையை அதிரவைத்துக்கொண்டிருந்தவர். ராஜகளை பொருந்திய அந்த முகத்துக்கு அரிதாரமே அதிகம். பாட்டுகளைப் பாபநாசம் சிவன் எழுதினார். கணையாழியை விழுங்கிய மீனைச் சாக்காக வைத்து என்.எஸ். கிருஷ்ணனும் டி.எஸ். துரைராஜும் செம்படவர்களாக வந்து சிரிக்கவைத்தார்கள். குழந்தைப் பரதனாக வந்தது, படத்தைத் தயாரித்த சதாசிவத்தின் சிறு மகள் ராதா. அந்த ஆண்டு ஜூலையிலேயே சதாசிவம் – எம்.எஸ். விவாகம் திருநீர்மலையில் நடந்தது.

இந்தப் படத்தின் உயிர்நிலை, இருவரும் சேர்ந்து பாடிய பாட்டுகள். ஆலாபனையும் நிரவலும் கல்பனாஸ்வரமும் மணிக்கணக்கில் பாடிப் பழகிய இரண்டு தொண்டைகள், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமே ஓடும் இசைத்தட்டின் அளவுக்குள் தங்களை ஒடுக்கிக்கொள்ளும்போது என்ன நேர்கிறது என்று காது கொடுத்துக் கேட்கவேண்டும். ஜி.என்.பி. தமது பிருகாவை முழுவதும் விரிப்பதில்லை. வார்த்தையின் கடைசி எழுத்தில் ஒரு சிறு உதறல், அவ்வளவுதான். அது அடங்குமுன் எம்.எஸ்.ஸின் குரல் மேல் ஸ்தாயியில் ஒரு கம்பி போல எழுந்து அதன்மேல் வந்து பொருந்துகிறது. போட்டி போடத் தெரிந்த இரு வித்வான்கள் போட்டியை மறந்து, ஒருவருக்கொருவர் இடம் விட்டுப் பாடுகிறார்கள். காதல் என்ற ரசத்தை நடிப்பைக் கொண்டு காட்டாமல், அந்த இடம் விடுதலைக் கொண்டே காட்டிவிடுகிறார்கள். பின்னணிக் குரலுக்கு வாயசைக்கும் வழக்கம் ஊன்றிய பிறகு, இந்த அனுபவம் திரையில் அநேகமாக அற்றுப்போயிற்று.

அமெரிக்காவிலும் அந்தக் காலத்தில் இப்படிப் பாடும் ஜோடி ஒன்று உண்டு. ஜானெட் மக்டொனால்டும் நெல்சன் எடியும் 1935 முதல் 1942 வரையில் எட்டுப் படங்களில் சேர்ந்து பாடினார்கள். அந்தப் படங்களை அவர்கள் நாட்டார் இன்றும் அலுக்காமற் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம்முடைய ஜோடிக்கு வாய்த்தது இந்த ஒரே படம். எட்டைக் காப்பாற்றியவர்கள் கொண்டாடுகிறார்கள். ஒன்றே ஒன்று கிடைத்த நாம் அதை மறந்து போனோம்.

மறதிக்குக் காரணங்கள் தெரியாதவை அல்ல. 1945 தீபாவளிக்கு அதே டங்கன், அதே எம்.எஸ்.ஸை வைத்து எடுத்த 'மீரா' வந்தது, ஹிந்தியிலும் பேசிற்று, சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை வட நாட்டாருக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதன் பிறகு எம்.எஸ். என்றால் பக்தி, பக்தி என்றால் எம்.எஸ். என்று தேசமே முடிவு செய்துகொண்டது. ஆசிரமத்துச் செடிகளுக்கு நீர் வார்த்து, அரசனைக் கண்டு நாணி, அவனோடு காதற் பாட்டுப் பாடிய பெண்ணுக்கு அந்தச் சித்திரத்தில் இடமில்லாமற் போயிற்று. ஜி.என்.பி.யின் சிஷ்யர்களும் ரசிகர்களும் அவருடைய கச்சேரிகளைப் போற்றினார்கள். சினிமாவை இளமைக்காலத்து வேடிக்கையாக ஒதுக்கினார்கள். திரைக்கு வெளியே நடந்ததைப் பற்றி வம்பு பேசுகிறவர்கள் திரைக்குள் நடந்ததைக் கவனிக்கவே இல்லை. யுத்த காலத்தில் கச்சா பிலிம் கிடைக்காமல், 1943இல் சர்க்கார் படத்தின் நீளத்தைப் பதினோராயிரம் அடிக்குள் நிறுத்தச் சொன்னபோது, நின்று நிதானித்துப் பாடும் படங்களின் காலமும் குறுகிற்று.

'மீரா'வை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'மீரா'வில் ஒரு மகாபாடகி தனியே நின்று பாடுகிறார். கூடவே பாட நிகரான குரல் அங்கு இல்லை. 'சகுந்தலை'யில் நிகரும் நிகரும் எதிரெதிரே நிற்கின்றன. காளிதாசனுடைய கதை, மறைமலையடிகள் போன்ற பெரியோர் தமிழாக்கித் தந்த கதை, ஹாலிவுட்டின் தொழில் நுணுக்கமும் கர்நாடக சங்கீதத்தின் சத்தும் ஒன்றையொன்று விழுங்காமல் கலந்த அந்தப் பாத்திரத்தில் வந்து அமர்ந்தது. தமிழ்ச் சங்கீதப் படங்களுள் முதல் வரிசையில் அதற்கு நான் இடம் கொடுப்பேன்.

கூடாரங்கள் போய்விட்டன. எங்கள் ஊர் வட ஆர்க்காட்டிலிருந்து வேலூர் ஜில்லாவுக்கும், 2019இல் திருப்பத்தூர் ஜில்லாவுக்கும் மாறிவிட்டது. பட்டைத் தொட்டிகளின் இடத்தில் குரோம் உருளைகள் சுழலுகின்றன. பாலாற்றில் மணலும் அருகிவிட்டது. பாட்டனாருடைய பாட்டுப் புத்தகத்தில், காதற் பாட்டு அச்சாகியிருக்கும் பக்கத்தில்தான் பட்டைக் கறை எல்லாவற்றிலும் அழுத்தமாகப் படிந்திருக்கிறது.

சென்னையில் 1994இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் பரண்மேல் பழைய தகரப் பெட்டி வைத்திருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இது: பழைய காகிதக்காரனுக்கு எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள், பாட்டுப் புத்தகமோ இசைத்தட்டோ இருந்தால் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.