நிலம் மாறினால் நஞ்சும் மாறும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுச் சீமை நோக்கிச் செல்லும் சாலையில், தமிழக எல்லையை ஒட்டியுள்ள ஊர் கோபாலபுரம். பிழைப்பை நாடி மலையாள நாடு சென்ற நம்மவர் பலர் கடந்து செல்லும் வாயில்களுள் அதுவும் ஒன்று. கணவாய்ச் சமவெளியில் வயலும் தென்னந்தோப்பும் பரந்து கிடக்கின்றன. தெற்கே எழும் ஆனைமலைத் தொடர், இடுக்கியின் மழைக்காடுகள் வரை நீள்கிறது. மருதமும் குறிஞ்சியும் அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியில், நிலம் மாறுந்தோறும் பாம்பின் இனமும் மாறுகிறது, நஞ்சும் மாறுகிறது. இவ்வுண்மையை மருத்துவ உலகம் தெளிய நெடுங்காலம் ஆயிற்று.

நம் நாட்டுப் பாம்புகளை அறிவியல் முறையில் ஆராய்ந்த முன்னோடி பாட்ரிக் ரஸ்ஸல். சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றிய அவரது நூல் 1796-இல் வெளிவந்தது. நூறாண்டு கழித்து, 1890-களில், பிரெஞ்சு அறிஞர் கால்மெட் நச்சுமுறி மருந்தை ஆக்கினார். இந்தியாவில் இன்று வழங்கும் நச்சுமுறி, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சிலிருந்து செய்யப்படுவது. 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்நஞ்சினை எடுத்து வழங்கி வருகிறது. நெல் உள்ள இடத்தில் எலி உண்டு; எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே வயற்புறத்து உழவருக்கு இம்மருந்து உயிர்க் காவலாக அமைந்தது.

மலையின் கதை வேறு. 1877-இல் பூஞ்ஞாறு மன்னரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்னும் ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்க் காடு திருத்தப்பட்டுத் தேயிலை பரவியது. தமிழகத்துத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக மலையேறினர். ஏலம், காப்பித் தோட்டங்களின் நிழலும் ஈரமும் உதிர்ந்த சருகும் குழிவிரியன்களுக்கு உகந்த உறைவிடம். அவற்றுள் ஒன்று, மூக்கின் நுனி மேல்நோக்கிய சிறு பாம்பு. சருகின் நிறமே அதன் நிறம். அந்திக்குப் பின்னரே அது நடமாடும். கேரளத்தில் பல்லாண்டுகள் அதனைச் சுருட்டை விரியன் என்றே தவறாகக் கருதி வந்தனர். அதன் கடி இரத்தம் உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் பழுதாக்க வல்லது என்பதை மருத்துவர்கள் 2007-இல் சான்றுடன் வெளியிட்டனர். நால்வகை நஞ்சுக்குரிய மருந்து அதற்குப் பயன் தருவதில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வாளர் கணித்துள்ளனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நேர்ந்தவை. இவ்விறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024-இல் செயல்திட்டம் வகுத்துள்ளது.

திட்டம் பயன் பெற நம் பங்கும் வேண்டும். தோட்டத்தில் உழைக்கும் உறவினருக்குக் கடிதம் எழுதுங்கால் இச்சில சொற்களையும் சேர்த்து எழுதுவோம்: இருளில் விளக்கும், காலுக்குக் காப்பும் இன்றிச் சருகில் நடக்கலாகாது. கடிபட்டால் கீறுதலும் இறுகக் கட்டுதலும் வேண்டா. பாம்பைப் பிடிக்க முயல்வதும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரைக. கடித்த இடம் வயலா, ஏலக்காடா என்பதையும் மருத்துவரிடம் மறவாது கூறுக. எந்த நஞ்சு என உணரவும், சிறுநீரகத்தைக் காலத்தில் காக்கவும் அவ்வொரு செய்தி அவருக்குத் துணையாகும்.