பதினாயிரம் அடி

நடப்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் இருந்ததில்லை. பால்காரருக்குக் கணக்கு உண்டு. மளிகைக் கடைக்கு உண்டு. காலுக்கு மட்டும் கிடையாது. இப்போது அதுவும் வந்துவிட்டது. இடுப்பில் செருகிக்கொள்ளும் நடைமானி போய், சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியே 'இன்றைக்கு இத்தனை அடி' என்று சொல்கிறது. மாலையில் பூங்காவைச் சுற்றும் கனவான்களைக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லோரும் ஒரே இலக்கைத்தான் சொல்வார்கள்: பதினாயிரம்.

இந்த எண் வைத்திய சாஸ்திரத்திலிருந்து வந்ததல்ல, கடைத்தெருவிலிருந்து வந்தது. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. மறு வருஷம் ஜப்பானியக் கம்பெனி ஒன்று 'மன்போ-கெய்' என்ற நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பதினாயிரம் அடி மானி' என்பதே அந்தப் பெயரின் பொருள். பெயர் நிலைத்தது, எண்ணும் உலகம் சுற்றியது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே, 1865-ல், நம் தேசத்து உபாத்தியாயர் ஒருவர் பதினாயிரம் பதினாயிரமாக அடிகளை எண்ணிக்கொண்டு திபெத்துக்குப் புறப்பட்டார்.

அந்தக் கதையின் ஆரம்பம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே சுமார் ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து முளைத்த நில அளவை, முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து இமயத்தை எட்டியது. அங்கே நின்றுவிட்டது. வெள்ளைக்காரர்கள் திபெத்தில் நுழைய முடியாது. ஆகவே குமாவோன் மலைக் கிராமமான மிலாமைச் சேர்ந்த நயின் சிங்கைத் தேர்ந்தெடுத்து, டேராடூனில் பயிற்சி கொடுத்தார்கள். மேடானாலும் பள்ளமானாலும் அவர் அடி 33 அங்குலம் இருக்க வேண்டும். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று வரும்போது பதினாயிரம் அடி. ஐந்து மைலுக்குச் சற்று அதிகம். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்புக் காகிதம். எதிரே ஆள் வந்தால் சக்கரத்தைச் சுழற்றுவார். பக்தரின் ஜபத்தைக் கலைக்க யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

பிடிபட்டால் உயிர் போகும். அப்படியிருந்தும் 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். சுமார் 1,200 மைல் பாதையை அவருடைய கால்கள் அளந்தன. லண்டன் பூகோள சங்கம் 1877-ல் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. ஆனால் முதல் பயணத்தின் அறிக்கையில் அவர் பெயரில்லை, வெறும் 'பண்டிட்'தான். அவருடைய உறவினர் கிஷன் சிங், பின்னொரு பயணத்தில் குதிரைமேல் ஏற நேர்ந்தபோது, குதிரையின் காலடியை எண்ணி அளவையைத் தொடர்ந்தார். கணக்கு தவறக்கூடாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு கவலை!

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களைப் பார்க்க ஒருமுறை காட்டூர்ப் பக்கம் போயிருந்தேன். கூடையுடன் நடந்து வந்த ஒரு மீன்காரப் பாட்டியிடம், "தினம் எவ்வளவு தூரம் நடப்பீங்கம்மா?" என்றேன். "யாரு கண்டா, ஐயா? எண்ணிக்கிட்டு நடந்தா வழி நீண்டு போயிடும்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போனாள். ஆழமில்லாத அந்த ஏரியில் இடுப்பளவு நீரில் நடந்து, கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களும் உண்டு. அவர்கள் அடியை எந்த மானியும் எண்ணியதில்லை.

அப்படியானால் நடைமானி வீண் ஆடம்பரமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2007-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சித் தொகுப்பின்படி, அதை அணிந்தவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 2,500 அடி கூடுதலாக நடந்தார்கள்; இலக்கு வைத்துக்கொள்வதும் உதவியது. ஆனால் இலக்கு பதினாயிரமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அமெரிக்காவில் வயதான பெண்கள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2019-ல் வெளியாயிற்று. 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் குறைவு. சுமார் 7,500-க்கு மேல் அதிக வித்தியாசமில்லை.

ஆகவே மூவாயிரத்தில் களைத்துப்போகும் பெரியவர், பதினாயிரம் எட்டவில்லையே என்று மனமொடிந்து நாற்காலிக்குத் திரும்ப வேண்டியதில்லை. நாளைக்கு ஐந்நூறு அடி கூட்டினால் போதும். நயின் சிங் தேசப்படத்துக்காக எண்ணினார். காட்டூர்ப் பாட்டிக்கு எண்ண அவகாசமில்லை. அவளுக்கு வேண்டியது வழியில் நிழலும் ஒரு பஸ்ஸும்தான். உட்கார்ந்தே சம்பாதிக்கக் கற்றுக்கொண்ட நமக்குத்தான் எண்ணிக்கை தேவைப்படுகிறது.