கீரிமலைத் தீர்த்தமும் அளவெட்டித் தவிலும்

ஆடி அமாவாசையன்று மாவிட்டபுரம் கந்தசுவாமி தீர்த்தமாடக் கீரிமலைக்கு எழுந்தருளுவார். கடலை ஒட்டிய நன்னீர்க் கேணியிலும் கரையிலும் பிதிர்க்கடன் கழிக்க வந்த சனம் நிறைந்திருக்கும். சுவாமிக்கு முன்னால் மேளம் வரும். அதை நின்று கேட்டு, நல்லது கெட்டது பிரித்தறியும் ரசிகர்கள் வலிகாமத்தின் ஊர்தோறும் இருந்தார்கள். வித்துவான்களுக்குப் பேர்போன ஊர் பக்கத்து அளவெட்டி.

திருவிழாக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் மேளச்சமா விடிய விடிய நடக்கும். நாதஸ்வரக்காரர் ராகத்தை அங்கேயே வளர்ப்பார். தனி வந்ததும் தவில்காரர் கோர்வைகளை அங்கேயே கோப்பார். பலா மரக் கட்டையில் இறுகக் கட்டிய தோலில், ஒரு கையில் விரற்கூடுகளும் மறு கையில் கழியும் பேசிக்கொள்ளும். எழுதிவைத்த தாள் எதுவும் கிடையாது. வாசிப்பவரே அந்தக் கணத்தில் இசையமைப்பாளர். ஜாஸ் கலைஞரின் வேலையும் இதுதான். 1961இல் நியூயோர்க்கில் ஜோன் கோல்ட்ரேன் தன் சாக்சபோனில் ‘இந்தியா’ என்ற படைப்பை விரித்து வாசித்த நாட்களில், இங்கே தவிலில் தெட்சணாமூர்த்தியின் கொடி பறந்தது.

1933இல் இணுவிலில் பிறந்தவர் அவர். தகப்பன் விசுவலிங்கமும் தவில் வித்துவான். பின்னாளில் அளவெட்டியே அவருடைய ஊரானது. அவ்வூர் நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனும் அவரும் சேர்ந்தால் கூட்டம் கலையாது. தமிழ்நாட்டிலும் அவருக்குப் பெரிய வரவேற்பு; நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் போன்றோருக்கு வாசித்தார். தஞ்சை மண்ணின் கலையை அதன் தாயகத்துக்கே ஈழத்தவர் ஒருவர் எடுத்துச்சென்று வென்றது சின்ன விசயமல்ல.

1975இல் காலமானார். வயது 41.

1990இல் போர் வலிகாமம் வடக்கைக் காலிசெய்தது. கீரிமலையும் மாவிட்டபுரமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. ரசிகர்கள் அகதிகளாய்ச் சிதறினார்கள். கேட்கத் தெரிந்த காதுகள் இல்லாத ஊரில் சமாவுக்கு என்ன வேலை? என்னைக் கேட்டால், கோபுரங்கள் இடிந்ததற்கு நிகரான இழப்பு அது. கோபுரத்தைத் திரும்பக் கட்டலாம்.

அம்ஷன் குமார் தெட்சணாமூர்த்தியைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கும் அதே அக்கறையோடு ஒரு படம் வேண்டும், வீதியில் விடிய விடிய இருந்து அவரைக் கேட்டவர்கள் நம்மோடு இருக்கும்போதே.